தேச்சம்மாவின் காக்கி

இடுப்புப் பட்டையின் பித்தளைக் கொக்கியை முகத்துக்கு நேரே பிடித்து, உதட்டை விரித்து, தன் மேல்வரிசைப் பற்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் தேச்சம்மா. பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் கொக்கி துலங்கிவிட்டது என்று கணக்கு. மங்கலாகத் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம் தேய்ப்பு. சனிக்கிழமை மாலையில் அவளிடம் எதையாவது கேட்டால், இளித்த வாயை மூடாமலேயே, "இருங்கக்கா, கடவாப்பல் வரைக்கும் வந்துட்டேன்" என்பாள்.

மடிக்கேரியில் இவர்கள் வீட்டு மாடியில் நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இவளுக்கு இப்போது பதினெட்டு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, என்.சி.சி.யில் சார்ஜென்ட். வார நாட்களில் இவளைப் பார்ப்பவர்கள் அந்தச் சார்ஜென்ட் இவள்தான் என்று நம்ப மாட்டார்கள். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். காலில் ஒன்று அவளுடைய செருப்பாகவும் மற்றது அம்மாவுடையதாகவும் இருக்கும். ஒருமுறை துப்பட்டா என்று நினைத்துச் சாப்பாட்டு மேசை விரிப்பைப் போட்டுக்கொண்டு கல்லூரி வரைக்கும் போய்விட்டாள்.

ஆனால் காக்கி வேறு விஷயம். புதுத் தொப்பி வந்தபோது அதை வெந்நீரில் முக்கிப் பிழிந்து தலையில் மாட்டினாள். தலையின் வடிவம் அதற்கு வர வேண்டுமாம், காயும் வரை கழற்றக் கூடாதாம். அதே நாளில் புது பூட்ஸையும் பழக்க வேண்டியிருந்தது. ஆகவே நைட்டியும், சொட்டும் தொப்பியும், டக் டக்கென்ற பூட்ஸுமாக அடுக்களையில் நின்று வெங்காயம் நறுக்கினாள். சிலிண்டர் கொண்டுவந்தவர் அவளைக் கண்டதும் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு சல்யூட் அடித்தார். இவளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முறைப்படி பதில் சல்யூட் அடித்தாள்.

சட்டைக்குக் கஞ்சி அவளே காய்ச்சுவாள். அந்தக் கஞ்சி போட்டுக் காய்ந்த சட்டையைச் சுவரோரம் வைத்தால் விழாமல் நிற்கும். கால்சட்டையின் மடிப்புக்கு உட்புறம் சோப்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, அப்புறம்தான் இஸ்திரி. போட்டுக்கொண்ட பிறகு உட்காருவதில்லை. அப்பாவின் ஜீப்பில் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போவாள். ஏறும்போது முழங்காலை மடக்காமல் கவராயம் மாதிரி காலைத் தூக்கி வைப்பதைப் பார்க்க எதிர்வீட்டார் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அப்பா பெள்ளியப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் உடுப்பைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. ஒருநாள் ஆசையாக பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுவிட்டார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருப்பா பண்ணது?"

"இருவத்திரண்டு வருஷம் பூட்ஸ் போட்டவன் பண்ணது."

"அதான் தெரியுது. அவசரத்துல பண்ணியிருக்கு."

அவர் பாலிஷ் டப்பாவை மூடினார். அவருக்கும் சட்டைக் கையில் மூன்று பட்டை இருந்தது, இவளுக்கும் மூன்று. மேலதிகாரி என்று சொல்லி அடக்கவும் வழியில்லை.

போன வருடம் குடியரசு தின அணிவகுப்புக்கான தில்லி முகாம் தேர்வில் இவள் பெயர் அடிபட்டுப்போனது. சட்டைப் பொத்தானில் தொங்கிய ஓர் அங்குல நூலுக்காக என்று கேள்வி. அன்று வீட்டுக்கு வந்து அழவில்லை. தீப்பெட்டியை எடுத்து எல்லாப் பொத்தானிலும் நூல் பிசிரைப் பொசுக்கிக்கொண்டே இருந்தாள். இந்த வருடம் ஆகஸ்ட் பதினைந்து அணிவகுப்பில் பெண்கள் படையை நடத்தும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அதை வைத்துத்தான் தில்லிக்கு இரண்டு பெயர் அனுப்புவார்கள்.

பதின்மூன்றாம் தேதி ஒத்திகையில் மழை. மைதானத்துச் சேற்றில் வழுக்கி முழு நீளத்துக்கு விழுந்தாள். மாற்று உடுப்பு ஒன்று உண்டு, ஆனால் அது அவள் நாலு அங்குலம் வளர்வதற்கு முன் தைத்தது. துவைத்துப் போட்டால் எங்கள் ஊர் ஆடி மழையில் கைக்குட்டைகூட மூன்று நாளைக்குக் காயாது. போதாததற்கு மின்சாரமும் போயிருந்தது.

அம்மா சீதவ்வா ஒரு வழி செய்தாள். மறுநாள் மகள் கல்லூரியில் இருந்த பகல் முழுக்க, துவைத்த சட்டையையும் கால்சட்டையையும் விறகடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டாள். அருமையாகக் காய்ந்தது. மாலையில் முக்கு இஸ்திரிக் கடையிலிருந்து கரிப்பெட்டி இரவல் வாங்கி வந்து தேய்த்தார்கள். மடிப்பு கத்திபோல நின்றது. எல்லோருக்கும் சளி. ஆகவே ஒருவருக்கும் வாசனை தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி காலையில் சட்டையைப் போட்ட தேச்சம்மா மெல்ல மூக்கைக் காலரில் வைத்தாள்.

"அவ்வா, அடுப்புக்கு மேலே வேற என்ன தொங்குச்சு?"

சீதவ்வா யோசித்தாள். மழைக்காலத்துக்குப் பன்றிக்கறி உப்புக்கண்டம் போட்டிருப்பதாகவும், அதே கயிற்றில்தான் ஆனால் கொஞ்சம் தள்ளி என்றும் சொன்னாள்.

அப்புறம் ஒரே ஓட்டம். சீதவ்வா பவுடரைக் கொட்டினாள். நான் என் பங்குக்கு மல்லிகை அத்தர் தடவினேன். பெள்ளியப்பா கிட்டே வந்து முகர்ந்துவிட்டு, இப்போது கல்யாணப் பெண்ணும் பந்தியும் ஒன்றாக வருகிற மாதிரி இருக்கிறது என்றார். ராணுவத்தில் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை, கோடு நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள் என்று தேற்றவும் செய்தார். அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜீப்பில் கவராயக் காலை வைத்து ஏறினாள்.

ஜீப்பைச் சந்தைப் பக்கம்தான் நிறுத்த முடிந்தது. அங்கிருந்து மைதானத்துக்கு நடந்தோம். கறிக்கடை வாசலில் படுத்திருந்த காதறுந்த நாய் ஒன்று தலையைத் தூக்கியது. எழுந்தது. உடன் வந்தது. பெள்ளியப்பா குடையை வீசி விரட்டினார். அது குடையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அணிவகுப்பு தொடங்கும்போது மழை விட்டிருந்தது. முப்பத்து மூன்று பெண்கள் மூன்று வரிசையில் நின்றார்கள். முன்னால் தேச்சம்மா. அவளுக்குப் பின்னால், ஓர் அடி தள்ளி, நாய். மேடையை நோக்கி அவள் நடந்தாள், நாயும் நடந்தது. அவள் நின்று சல்யூட் வைத்தாள். நாய் உட்கார்ந்து அவள் முழங்கால் மடிப்பை முகர்ந்தது. சிறப்பு விருந்தினர் பதில் சல்யூட் வைக்கையில் மற்ற கையால் வாயை மூடி இருமினார். மைதானத்துத் தடுப்புக் கயிற்றுக்கு இப்புறம் கூட்டம் குலுங்கியது. சீதவ்வா முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, வெட்கப்படுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

படைக்குத் திரும்பி வந்தபோது பெண்கள் எல்லோருக்கும் கன்னம் உப்பியிருந்தது. ஒருத்தி வெடித்தால் முப்பத்து மூன்றும் வெடிக்கும். அப்போது தேச்சம்மா உதடு அசையாமல் சொன்னதை முன்வரிசைப் பெண் ஒருத்தி பிறகு எனக்குச் சொன்னாள்.

"யாராச்சும் சிரிச்சீங்கன்னா நானும் சிரிச்சிடுவேன்டி. அப்புறம் என்னால நிறுத்த முடியாது."

அதட்டியிருந்தால் வெடித்திருப்பார்களாம். இவள் கெஞ்சியதில் எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். அவள் ஆணை கொடுத்தாள், நாய் ஒரு தடவை குரைத்தது, படை புறப்பட்டது. கண்ணில் நீர் வழிய, தாடை நடுங்க, அந்தப் பெண்கள் மேடையைக் கடந்ததைப் பார்த்த யாரோ ஒரு பெரியவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் என்ன தேசபக்தி என்று என்னிடம் நெகிழ்ந்தார். நான் தலையாட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் பயிற்சி கொடுக்கும் சுபேதார் ஜோகிந்தர் வந்தார். பஞ்சாபிக்காரர். மீசை அசைந்து யாரும் பார்த்ததில்லை. அவளை விறைப்பாக நிற்கச் சொல்லிவிட்டுச் சுற்றி வந்தார். பொத்தானைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து காலரை முகர்ந்தார். பெள்ளியப்பா என் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"வீட்டுல கறி இன்னும் மிச்சம் இருக்கா?" என்று சுபேதார் கேட்டார்.

"இருக்கு சார்."

"ம். நாய் மூணு தடவை காலை மாத்தி வெச்சுது. நான் எண்ணினேன். உன் பொண்ணுங்கள்ல ஒருத்திகூட மாத்தலை." அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "தில்லிக்கு உன் பேரை எழுதியாச்சு. துவைச்சுட்டு வா."

கலையச் சொல்லாமலே அவர் அடுத்தவளைப் பார்க்கப் போய்விட்டார். ஆகவே தேச்சம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பார்வை நேராக, மோவாய் உயர, கை கால்சட்டைத் தையலோடு ஒட்டியபடி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குதிகால்கள் மட்டும் சேற்றை விட்டு மெல்ல எழும்பி இறங்கின. பிறகு இன்னொரு முறை.