மூன்று மூடி ஹார்ட்னர்

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை. சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே கால்.

பொன்மலையில் மாமா வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அம்மா ஃபைபர் நாற்காலிகள் செய்யத் தொடங்கியிருந்தாள். அவளுடைய அண்ணனான மாமா ஒரே நிபந்தனையோடு சாவியைக் கொடுத்திருந்தார்: மருந்து வாடை உள்ள இடத்துக்குப் பிள்ளை வரக்கூடாது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விடுமுறை என்றால், மாமா வேலைக்குப் போனதும் நான் உள்ளே இருப்பேன்.

கையில் ஒரு நோட்டு. தேதி, ரெசின் என்ற பிசினை இறுகவைக்க ஊற்றிய ஹார்ட்னர் எத்தனை மூடி, இறுக எத்தனை நிமிடம். மூடி கூடக்கூட ரெசின் சீக்கிரம் இறுகியது. எல்லாமே போன ஐப்பசியில் மழைக்கு விட்ட விடுமுறைகளில் எடுத்த கணக்கு. தேதி எழுதிய நான் வெயிலை எழுதவில்லை.

தில்லை நகர் கிளினிக்குக்கு அன்று மாலை நாற்காலிகள் போகவேண்டும். கடைசி ஒன்று பாக்கி. வாளி ரெசினில் அம்மா ஒரு மூடிதான் ஊற்றினாள்.

“மழையில நீதானே மூணு ஊத்துன?”

“இந்த வெக்கைக்கு ஒண்ணு போதும். வாய மூடு.”

அவள் கண்ணாடி நார் வெட்டத் திரும்பினாள். நான் இன்னும் இரண்டு மூடி ஊற்றிக் கலக்கினேன். சில நிமிடங்களில் வாளி தொடமுடியாமல் சுட்டது, புகைந்தது. உள்ளே ரெசின் பாறையாகி, படபடவென்று வெடித்துப் பிளந்தது.

சாப்பிட வீட்டுக்கு வந்த மாமா புகையைப் பார்த்துக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். நான் நாற்காலி அச்சுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“என்னம்மா, வீட்டக் கொளுத்தப் போறியா?”

“கை தவறிக் கூட ஊத்திட்டேண்ணே.”

என் சோதனையைக் கைத்தவறு என்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தேன்.

“கை தவறல. நான்தான் ஊத்தினேன். கணக்குப் பாத்துதான் ஊத்தினேன்.”

மாமா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் கையை நீட்டினார்.

“அப்ப தெனமும் இவ இங்கதான். சாவியக் குடு.”

அம்மா வேறு வாளியில் ரெசினை ஊற்றினாள். “சாயந்தரம் நாற்காலி போகணும்ணே. என் பொண்ண எங்க விட்டுட்டு வர்றதாம்? நீங்க போய்ச் சாப்பிடுங்க.” பிறகு என்னிடம், “இங்க வா. பக்கத்துல நின்னு சத்தமா நிமிஷம் சொல்லு.”

ஒரே ஒரு மூடி. மாமா நீட்டிய கையை மடக்கவில்லை. நான் அழுகையை அடக்கியபடி ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிடத்தில் அவர் போய்விட்டார். சாவி அம்மாவின் இடுப்பில்தான் இருந்தது.

மாமாவின் கண்ணெதிரில் என்னை நிற்கவைத்துத் தண்டிக்கிறாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.