கம்ப்யூட்டருக்கு ஒரு தோல் உறை

கம்ப்யூட்டர் விற்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியவேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும் என்று நம்பித்தான் ஆம்பூர் பஜாரில் பத்து வருஷம் கடை நடத்தினேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி விற்றுவிட்டுத் திருதிருவென்று விழிக்கிற கடைக்காரர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

டிபன் பாக்ஸ்

உள்ளங்கை அகலத்தில் மினி கம்ப்யூட்டர் வந்த புதிது. ஓய்வு பெற்ற சாமுவேல் வாத்தியார் மகள் ஸ்டெல்லாவோடு வந்தார். ஸ்டெல்லா நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று பத்து நாளில் அவளை வீடியோவில் இன்டர்வியூ செய்யப்போகிறது. போன தடவை செல்போனில் பேசி, நடுவில் அத்தை கூப்பிட்டுக் கெட்டுப்போனதாம். இனி ஒரு தடவைதான் தருவார்கள்.

வாத்தியார் அந்தக் குட்டிப் பெட்டியை டிபன் பாக்ஸ் மாதிரி ஆட்டிப் பார்த்தார். வீட்டு டிவியையே திரையாக மாட்டலாம், கீபோர்டு, மவுஸ், கேமரா எல்லாம் சொருகலாம், கரன்ட்டும் கம்மி என்றேன். அத்தனையும் நிஜம். அதோடு நிறுத்தினேனா? "ராக்கெட்ல இதைத்தான் சார் வெச்சு அனுப்பறாங்க. போன தடவை நானே பேக் பண்ணிக் குடுத்தேன்" என்றேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ராக்கெட் திரும்பி வந்துச்சாப்பா?"

இலவசம்

தோல் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில் இலவசம் என்றால் தோல்தான். துணிக்கடைக்காரர் பர்ஸ் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா? ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற காதர் பாயிடம் போய், பெட்டிக்கு இறுக்கமாக ஓர் உறை தைக்கச் சொன்னேன். ஒயருக்குப் பின்னால் மட்டும் திறப்பு. தூசி போகாது, ஈ போகாது.

பாய் பெட்டியின் பக்கவாட்டுத் துளைகளைத் தடவிப் பார்த்து ஒன்று சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறையில் ஓட்டை போட்டால் அழகு கெட்டுவிடும் என்று சிரித்து மழுப்பி, பதினோரு உறை வாங்கி வந்தேன். முதல் உறை ஸ்டெல்லா வீட்டுக்கு, மற்றவை பெட்டி வாங்கிய இன்னும் பத்து வீட்டுக்கு.

பாய் சொன்னது இதுதான்: "இன்னா தோஸ்த், ஷூவுக்கே நாங்க காத்து போக ஓட்டை விடுறோம். இது இன்னா பாவம் பண்ணுச்சு?"

வேகம் ஜாஸ்தி

நாலாம் நாள் வாத்தியார் போன் செய்தார். அரை மணிக்கு ஒரு தரம் தானாக அணைகிறதாம், தொட்டால் சுடுகிறதாம். பாய் சொன்னது என் காதில் மணியடித்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

"சுட்டா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம் சார். பழகிடும்."

வாத்தியார் கேட்டார்: "ஜுரம் வந்த பையன் நல்லாப் படிப்பான்னு சொல்ற மாதிரி இருக்கேப்பா?"

மூன்றாவது கேள்வி

மனசு உறுத்தியதால் இன்டர்வியூ அன்று போனேன். உறையைக் கழற்றத்தான் போனேன், ஆனால் கழற்றினால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே! மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா இரண்டு கேள்விக்குக் கணீரென்று பதில் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் டிவி கறுத்தது.

"கரன்ட் போயிடுச்சும்மா" என்றேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் தொட்டாள், உறையை உரித்தாள், டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள், போனில் அவர்களுக்கு இரண்டு வரி எழுதிப்போட்டாள். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் வாத்தியார் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி உயிர் பெற்றது. அந்தப் பக்கத்துக்காரர்கள் காத்திருந்தார்கள். பின்னால் வேலையும் கிடைத்தது.

அன்று இன்டர்வியூ முடிந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பாய் எச்சரித்தது உட்பட. அவள் உறையை மடித்து என் கையில் வைத்தாள். "எங்க வார்டுல பச்சைக் குழந்தையைக்கூட மூக்கை விட்டுட்டுத்தான் போர்த்துவோம், அங்கிள்."

மற்ற பத்து வீட்டுக்கும் நானே நடந்து போய் உறைகளைத் திரும்ப வாங்கினேன். வாயால் எத்தனையோ மூடி மறைத்துப் பிழைத்தவன், கடைசியில் தோலால் மூடப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.