அத்தான் மூச்சில் பழ வாசனை

"அத்தான் குடிச்சிருக்காவ" என்று என் அக்காவிடம் சொன்னவன் நான். அதுவும் கந்தசஷ்டி நாலாம் நாள், பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் கிடந்த மனிதரைப் பார்த்துவிட்டு. என் தொழில் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் நடத்துவது. அதில் எனக்குப் பிடித்த பாடம் செல் சுவாசம்.

அன்று காலையில் அக்கா போன் செய்தாள். "ராத்திரியெல்லாம் வாந்தி. கேட்டா ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்காவ. ஒரு எட்டு வந்துட்டுப் போ லே."

பாளையங்கோட்டையிலிருந்து டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பைக்கில் போனேன். அத்தான் கட்டிலில் கிடந்தார். ஓடி வந்தவரைப் போல ஆழமாக மூச்சு வாங்கியது. குனிந்து பேச்சுக் கொடுத்தேன், அவர் நாக்கு குழறியது. மூச்சில் கனிந்து அழுகப்போகிற பழத்தின் இனிப்பு வாடை. விஷயம் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எனக்கு எல்லாமே அப்படித்தான் விளங்கும்.

அடுப்படிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி அக்காவிடம் சொன்னேன். "தூங்கட்டும், தெளிஞ்சிரும். வெளிய சொல்லாத."

அக்கா நம்பவில்லை. அத்தான் இருமல் மருந்தைக்கூட சாராய வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார்.

"நாலு நாளா சுகர் ஊசி போடல. அதனால இருக்குமோ?"

"ஏன் போடல?"

"சோறே திங்கல, ஊசி எதுக்குன்னாவ. எனக்கும் சரின்னுதான் பட்டுது."

வருஷா வருஷம் இருக்கிற விரதம்தான். ஆனால் மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறிய பிறகு வந்த முதல் சஷ்டி இது.

ஆட்டோ பிடிக்க வாசலுக்கு ஓடினேன். சாப்பிடாவிட்டாலும் ஈரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இன்சுலின் இல்லாமல் அது தசைச் செல்லுக்குள் நுழையாது. ரத்தம் முழுக்கச் சர்க்கரை, செல்லுக்குள் பட்டினி. உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். அதில் பிறக்கும் அமிலம் ரத்தத்தைக் கெடுக்கும், கொஞ்சம் மூச்சில் பழ வாசனையாக வெளியேறும். இதையெல்லாம் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டு, அரை மதிப்பெண் குறைத்தவன் நான்.

ஆட்டோவில் அத்தான் தலை என் தோளில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சும் அந்த வாசனையோடு கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரியில் "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே இரண்டு நாள் நின்றோம். உயிர் என்பது கோடிக்கணக்கான செல்களில் சத்தமில்லாமல் எரிகிற நெருப்பு என்று வகுப்பில் அலங்காரமாகச் சொல்வேன். அங்கே நின்றபோது அந்த நெஞ்சு அடுத்த தடவை ஏறுமா என்பது மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது. சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம் அத்தான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அப்போதுதான் அக்கா அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன். எனக்கு மன்னிப்பும் பாடமாகத்தான் வரும். தாளில் செல்லை வரைந்து, சர்க்கரை எங்கே நின்றது, எது எரிந்தது என்று அரைமணி நேரம் விளக்கினேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார். பிறகு பைய கேட்டார்:

"மாப்ள, உம்மகிட்ட படிச்ச பிள்ளையள் யாரும் டாக்டராயிருக்காவளா? இருந்தா ஆஸ்பத்திரி பேரச் சொல்லும் வே. அந்தப் பக்கம் போவாம இருக்கணும்லா."