1114-இலிருந்து ஒரு வாசகர்

பஞ்சாபகேசன் போன மாசியில் காலமானதை அமெரிக்காவில் பதினோரு பேருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. அவரும் திருவனந்தபுரத்தை விட்டு அதிகம் நகர்ந்தவரில்லை. ஒருமுறை பொன்முடி மலைக்குக் கிளம்பினார். வித்துரா தாண்டியதும் பஸ்ஸிலேயே வாந்தி. ஆனால் செவ்வாய்க் கிரகமும் சனிக் கிரகமும் அவருக்கு உள்ளூர்க் கிழக்கேகோட்டை மாதிரி. சந்து பொந்தெல்லாம் அத்துப்படி.

மராமத்து ஆபீஸில் நகல் எழுதும் கிளார்க். ஆபீஸ் விட்டால் நேரே சாலைக்கடைத் தெருவில் தங்கப்பனின் பழைய பேப்பர் கடை. கப்பலில் வந்த கழிவுக் காகித மூட்டைகளில் அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளும் கிடக்கும்.

"சாமி, வாலில தீப்பிடிச்ச வண்டி படம் போட்டது ரெண்டு தனியா மாத்தி வெச்சிருக்கேன் கேட்டோ" என்பான் தங்கப்பன்.

சாப்பாடு ஆனதும் மனைவி விஜயத்துக்கு அந்தக் கதைகளைத் தமிழில் சொல்வார். வேறு யாரும் காது கொடுக்கவில்லை. அவள் ஒருத்திதான் 'உம்' கொட்டினாள். 1939-இல் அதற்கும் வந்தது வினை. ஒரு கதையில், சனிக் கிரகத்தின் சந்திரன் ஒன்றில் ஒருவன் தனியே மாட்டிக்கொண்டான். பூமியில் அவன் மனைவி காத்திருந்தாள். மூன்று பகுதித் தொடர். கடைசிப் பகுதி இருந்த இதழைத் தங்கப்பன் கடலைக்காரனுக்கு விற்றுவிட்டிருந்தான்.

"அந்த மனுஷன் ஆத்துக்கு வந்து சேரட்டும்" என்றாள் விஜயம். "அதுவரைக்கும் எனக்குப் புதுக் கதை வேண்டாம்."

"கதைதானேடி!"

"அவளுக்கு யார் சொல்றது, கதைன்னு?"

பஞ்சாபகேசன் வெள்ளிக் கிரகத்துக் கதையை ஆரம்பித்துப் பார்த்தார். விஜயம் எழுந்து பாலுக்கு உறை ஊற்றப் போய்விட்டாள். சொல்ல ஆளில்லாமல் படிப்பதே அவருக்குக் கசந்தது. முடிவைக் கேட்டு அமெரிக்கப் பத்திராதிபருக்கே கடிதம் எழுதினார். திருவிதாங்கூர் ஆபீஸ்களில் போடுவது கொல்லம் ஆண்டு. ஆங்கில வருஷத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் குறைவு. கைப்பழக்கத்தில் கடிதத் தலைப்பில் 1114 என்று போட்டுவிட்டார்.

கடிதம் அச்சாகி, இதழ் தபாலில் வந்தது. கீழே பத்திராதிபரின் குறிப்பு: "எண்ணூறு வருஷம் தாண்டிக் கடிதம் அனுப்பத் தெரிந்தவருக்கு, ஒரு மாதம் தாண்டிப் போய் முடிவைப் படிக்கத் தெரியாதா?"

முடிவைச் சொல்லவில்லை.

ஆபீஸில் பக்கத்து மேஜை சேஷன் அதைச் சத்தமாக வாசித்தார். "ஓய், குலோத்துங்கன் காலத்துக் கிளார்க்கே! சோழன் சௌக்கியமா?"

"உமக்கு அரியர்ஸ் பாக்கி வெச்சிருக்கானாம்" என்றார் பஞ்சாபகேசன். அத்தனை மேஜைகளும் சிரித்தன. அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டில் என்ன சொல்வது?

ஆனால் அச்சில் அவர் விலாசமும் இருந்தது. இரண்டு மாதத்தில் அந்தப் பதினோரு பேரில் முதல் ஆளாக, ஒஹையோவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கடைசிப் பகுதியைக் கிழித்து அனுப்பியிருந்தாள். "பழங்காலத்தவரே, படித்து மகிழுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு.

அன்று ஆபீஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சொன்னார். விஜயம் கையில் பாதி நறுக்கிய சேனையோடு கேட்டாள். விண்கலம் தரையிறங்கியது. அவன் கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். முற்றும்.

"அவ பேர் என்ன?"

பஞ்சாபகேசன் புரட்டிப் பார்த்தார். கதை முழுக்க 'அவன் மனைவி' என்றுதான் இருந்தது.

"இத்தனை நாள் காத்திண்டிருந்தவளுக்கு ஒரு பேர் வைக்கத் தோணலையா அந்தப் பிரம்மஹத்திக்கு? நன்னாக் கேட்டு எழுதுங்கோ!"

"இப்பவே எழுதறேன்."

"எழுதறது நாளைக்கு" என்றாள் விஜயம், சேனையை ஓரமாக ஒதுக்கி. "அந்த வெள்ளிக் கிரகத்துக் கதை என்னாச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்கோ."