தூணைத் தொடக் கூடாதாம்!

போன மாதம் பாலக்காட்டில் ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தேன். புத்தக வெளியீடு இல்லை, பாராட்டு விழா இல்லை. ஒரு வீட்டு வாசலைப் பற்றிய மீட்டிங்!

சிரிக்காதீர்கள். நான் பிறந்து வளர்ந்த கோயில் தெரு இப்போது பாரம்பரியத் தெரு. அங்கே ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும்... சரி, ஆணி கொஞ்சம் ஓவர். ஆனால் வாசல் பக்கம் எதைக் கட்டினாலும், எதை இடித்தாலும் பிளான் கொடுக்க வேண்டும். ஒரு கமிட்டி உட்கார்ந்து பார்க்கும். கூரை உயரம், ஜன்னல் அளவு, பெயின்ட் கலர் — எல்லாம் தெருவோடு ஒத்துப்போகிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கொத்தனார் கரண்டியை எடுக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். கமிட்டி இல்லாத ஊரின் அழகைத்தான் தினமும் பார்க்கிறேனே! கோயம்புத்தூரில் என் வீட்டுக்கு எதிரே ஒரு வீடு கப்பல் மாதிரி. அதற்குப் பக்கத்தில் ஒன்று நகைக்கடை மாதிரி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு வீட்டைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நான் போனது என் சிநேகிதி ராஜத்துக்காக. ஒரே தெரு, ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச். கல்யாணமும் அதே தெருவில்தான் செய்துகொண்டாள் — மணி அண்ணாவை. பிறந்த வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதற்கும் மாலை கழற்றாமல் அப்படி ஓர் அழுகை அழுதாள்!

போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது வீல்சேர். மணி அண்ணா ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்ள, இவள் பெங்களூரில் மகளோடு இருந்தாள். அடுக்குமாடியில் எங்கேயோ உச்சியில். தினமும் போனில் ஒரே பல்லவி.

"கல்யாணி, இங்க ஜன்னலைத் திறந்தா வெறும் ஆகாசமாக்கும். ஒரு மனுஷ முகம் இல்லை. என்னை எங்காத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுடி."

கொண்டுபோகலாம். ஆனால் உள்ளே எப்படி நுழைவது? வாசலில் செங்குத்தாகப் படிகள். படிக்கு மேலே இரண்டு பருத்த தூண்கள். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளி. வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் பக்கவாட்டில் வழி கிடையாது. பின்பக்கம் கிணறும் படிக்கட்டும், அது இன்னும் மோசம். தூணை எடுத்துவிட்டு ஒரு சரிவுப் பாதை போட்டால் தீர்ந்தது. மணி அண்ணா பிளான் கொடுத்தார். கமிட்டி நேரில் பார்க்க வந்தது.

வந்த ஆர்க்கிடெக்ட் அம்மாள் டேப்பைப் பிடித்து அளந்தார். தூணைத் தடவினார். முகமெல்லாம் பூரிப்பு.

"சாரே, ஈ தூணைத் தொடான் பாடில்லா. இந்தத் தெருவிலே வேற ஒரு வீட்டிலயும் இத்ர நல்ல தூண் இல்லை!"

தொடவே கூடாதாம். எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். மணி அண்ணா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... 'வாயைத் திறந்தே, தொலைஞ்சே' என்று அர்த்தம்.

ஏன் தெரியுமா? அந்தத் தூண் சினிமாத் தூண்!

நாங்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது அங்கே தூணே கிடையாது. நீலப் பெயின்ட் அடித்த இரும்பு கிரில் இருந்தது. மழை பெய்தால் அதில் தொங்கிக்கொண்டு தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்ப்போம். துருவும் மழையும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்கு வேண்டும் போலிருக்கிறது. ராஜம் அங்கே வாழ்க்கைப்பட்ட பிறகு ஒரு ஷூட்டிங் கம்பெனி வந்தது. பணக்கார வீட்டு சீன். கிரில்லைக் கழற்றிவிட்டு, ஃபைபரில் இரண்டு தூண் செய்து, மரம் மாதிரியே ரேகை எல்லாம் வரைந்து நிறுத்தினார்கள். ஷூட்டிங் முடிந்ததும், "இருக்கட்டும், விட்டுட்டுப் போங்கோ" என்றார் மணி அண்ணா. ராஜம் தலையில் அடித்துக்கொண்டாள். "வாசல்ல நாடகக் கொட்டகையைக் கட்டி வெச்சிருக்கேளே, எந்தாக்கும் இது?"

அவர் கேட்டால்தானே! வருஷா வருஷம் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் பாலிஷ். கேட்பவர்களிடம் முதலில் விளையாட்டாகச் சொன்னார் — "கொள்ளுத்தாத்தா காலத்துத் தேக்கு." சொல்லிச் சொல்லி, அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். டூரிஸ்டுகள் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். பழைய வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவர்களிடமும் அதையே சொல்லிவைத்தார். இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? ஷூட்டிங்கைப் பார்த்த பழைய ஆட்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போயாச்சு; இப்போது இருக்கிற தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

எனக்குப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. அப்போது கமிட்டி ஏது? தேர்தான் கமிட்டி! ஒரு வருஷம் தெருக்கோடி வீட்டுக்காரர் ஆசையாக சன்ஷேடை நீட்டிக் கட்டிவிட்டார். தேர் வந்தது. நின்றது. வடம் பிடித்த அத்தனை பேரும் கயிறும் கையுமாக அந்த சன்ஷேடையே பார்த்தார்கள். வீட்டுக்காரர் தானே கடப்பாரையோடு மேலே ஏறினார். இன்னொருவர் சுவருக்கு ரோஸ் கலர் அடித்தார். கோயிலுக்குப் போகிறவர் எல்லாம், "என்ன ஓய், மிட்டாய்க் கடையா?" என்று கேட்டுக் கேட்டே வெள்ளையடிக்க வைத்தார்கள். நோட்டீஸ் கிடையாது, ஹியரிங் கிடையாது. கொஞ்சம் அராஜகம்தான்... ஆனால் எந்த வீட்டில் யாருக்கு முட்டிவலி என்பதும் அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தது.

ஆர்க்கிடெக்ட் அம்மாள் நல்லவர். யோசித்து ஒரு வழி சொன்னார்.

"மாமி வரும்போ நாலு பேரா தூக்கி உள்ளே வெச்சா போராதா?"

என் கையில் போன். ஸ்பீக்கரில் ராஜம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னை நாலு பேர் தூக்கற நாள் ஒண்ணு வரும், கேட்டேளா? அன்னிக்குத் தூக்குங்கோ. அதுவரைக்கும் என் ஆத்துக்குள்ள நானேதான் போவேன்."

மணி அண்ணா விறுவிறுவென்று படியேறிப் போய்த் தூணைத் தட்டினார்.

டொப்... டொப்... காலி டப்பா சத்தம்.

"மேடம், இது தேக்கும் இல்லை, தாத்தாவும் இல்லை. சினிமாக்காரா விட்டுட்டுப் போனதாக்கும். இத்தனை வருஷமா நான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிண்டிருந்தேன்."

காது வரை சிவந்துவிட்டது அவருக்கு. வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆர்க்கிடெக்ட் அம்மாள் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தூணையும் தட்டினார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கமிட்டியில் இருந்த வயதான மெம்பர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"சினிமா செட் என்றால் அது டெம்பரரி. எடுத்துப் போட நம்ம பெர்மிஷன் எந்தினு?"

பெர்மிஷனே வேண்டாமாம். அவ்வளவுதான், முடிந்தது! சரிவுப் பாதை மட்டும் மரப்பலகையில், வேண்டும்போது எடுக்கிற மாதிரி இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை ராஜம் வந்தாள். தெருவே வாசலில் கூடியிருந்தது. "தூண் இல்லாம மொட்டையா இருக்கே, மணி" என்று ஒருவர் குறைப்பட்டார். மணி அண்ணா காதில் அது விழவே இல்லை. வீல்சேரைத் தள்ளக் கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மேலே ஏறினாள் ராஜம். நிலைப்படியில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"அசடு... இந்த வாசலை இப்படித் திறந்து வெச்சிருந்தா எத்தனை அழகு!" என்றாள், அவரைப் பார்த்து.

ஊர் ஊராக டிசைன் பார்க்கிற கமிட்டிக்காரர்களே... வாசல் அழகாக இருக்கிறதா என்று தாராளமாகப் பாருங்கள். அதற்கு முன்னால், வீட்டுக்காரி உள்ளே போக முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!