ஆறடி வடிகாலைத் தின்றவர்கள்

நில அளவைத் தொழிலில் டேப்பை இழுப்பது சுலபம். டேப்பின் இரண்டு பக்கமும் நிற்பவர்களை இழுத்துப் பிடிப்பதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டுத் தண்ணீர் தன் வாசலில் தேங்கி அவதிப்பட்டவர்கள், பதினேழு வருஷமாக சர்வேயராக இருக்கும் இந்தப் பாவப்பட்டவள் மேல் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள். போன ஐப்பசி மழையில், ஓடைப்பட்டிப் பக்கம் எனக்கு வாய்த்த ஒரே ஒரு வடிகாலின் கதை இது.

இரண்டு பெயர், ஒரே மனு

மேட்டில் சுருளிச்சாமியின் வாழைத் தோட்டம். அதை ஒட்டிப் பள்ளத்தில் பேச்சியம்மாளின் திராட்சைப் பந்தல். இருவரும் உறவுக்காரர்கள் இல்லை. ஆனாலும் சண்டை போடும்போதுகூட அவர் "அக்கா" என்பார், அந்தம்மா "தம்பி" என்பார். வாழைத் தோட்டத்துத் தண்ணீர் இறங்கிப் பந்தலுக்கடியில் நிற்கிறது, பத்து நாளில் அறுக்க வேண்டிய பழம் வெடித்துவிடும் என்று அந்தம்மா மனுக் கொடுத்தார். அந்தம்மா வடிகாலை அடைத்ததால்தான் என் வாழை வேர் அழுகுகிறது என்று சுருளிச்சாமியும் ஒரு மனுக் கொடுத்தார்.

இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஒரே கையெழுத்து. "மேற்படியாரின் அடாவடியால் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்" என்ற வரி இரண்டிலும் அச்சடித்தாற்போல் இருந்தது. ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, இது என்ன கூத்து என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் அடுத்தடுத்து வந்து நின்னாக. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் கொறச்சுன்னு எழுதுனா நல்லாவா இருக்கும் மேடம்?"

நாலு இளநீர்

அளக்கப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கவும் யோசிக்க வேண்டும். அன்றைக்கு நான் வாட்டர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனேன். சுருளிச்சாமி ஒரு இளநீரை வெட்டி நீட்டினார், தாகத்தில் வாங்கிக் குடித்துவிட்டேன். உடனே பேச்சியம்மாள் முகம் மாறிப்போய், தன் மரத்து இளநீரைக் கொண்டுவந்தார். அது சின்னக் காய் என்று இவர் இன்னொன்று வெட்ட, அந்தம்மா சும்மா இருப்பாரா?

வயிறு முட்டி நான் வரப்பில் உட்கார்ந்த பிறகுதான் அந்தம்மாவுக்குத் திருப்தி. "அங்கன ரெண்டு, இங்கன ரெண்டு. இனி டேப்பு நேராப் போகும்."

பிடுங்காத கல்

எங்கள் வரைபடத்தில் மூலையில் ஒரு சர்வே கல் உண்டு. தரையில் காணோம். கல்லை அக்காதான் பிடுங்கி எறிந்துவிட்டார் என்று சுருளிச்சாமி சத்தியம் செய்தார். கணுக்கால் தண்ணீரில் பந்தலுக்கடியில் குனிந்து தேடினேன். திராட்சைப் பந்தலின் மூலைக் கம்பியை, தரையில் புதைத்த கல்லில் இழுத்துக் கட்டாவிட்டால் பந்தலே தொய்ந்துவிடும். இந்தப் பந்தலின் மூலைக் கம்பி இறங்கிக் கட்டியிருந்த கல்லின் தலையில், அரசாங்கத்து அம்புக்குறி தெளிவாக இருந்தது.

தலையில் கைவைத்துக்கொண்டேன். பேச்சியம்மாளுக்குத்தான் கோபம் வந்தது. "நான் எங்க புடுங்குனேன்? இருந்த எடத்துலதான இருக்கு. கம்பியத்தான கட்டுனேன்."

ஆளுக்கு மூன்றடி

அந்தக் கல்லிலிருந்து அளந்ததும் விஷயம் வெளியே வந்தது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஆறடி வடிகால் இருக்க வேண்டும். இருந்தது ஒரு சாண் வரப்பு. வருஷா வருஷம் வரப்புக் கட்டுகிற சாக்கில் ஆளுக்கு மூன்றடி தின்றிருந்தார்கள். அந்த மூன்றடியில் இவருக்கு ஒரு வரிசை வாழை, அந்தம்மாவுக்கு ஒரு வரிசை கல்தூண். அளவைச் சொன்னதும் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

சட்டப்படி நோட்டீஸ், பதில், விசாரணை என்று மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பழம் தாங்காது. தூணைப் பிடுங்கினால் பந்தல் பழத்தோடு விழுந்துவிடும். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த பேச்சியம்மாள் வெடித்த பழம் ஒன்றைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். கொடியைக் கவாத்து வெட்டி நூற்றுப்பத்து நாள் பிள்ளைபோல் பார்த்த பழம்.

சுருளிச்சாமி விறுவிறுவென்று போய் அரிவாளோடு வந்தார். நான் பயந்து நாலடி பின்னால் போனேன். அவர் நேரே போய், பாதி விளைந்த தாரோடு நின்ற முதல் வாழையைச் சாய்த்தார். "பந்தல் விழுந்தா அக்காவுக்குத் தோட்டமே போச்சு, எனக்கு ஒரு வரிசதான். ஆனா நீங்க சொல்லி வெட்டுனேன்னு எழுதாதீக, நானா வெட்டுனேன்னு எழுதுங்க."

ஒரே பைக்கில்

அன்று சாயங்காலமே மூன்றடி வாய்க்கால் ஓடியது. மூன்று வாரம் கழித்து இருவரும் ஒரே பைக்கில் ஆபீசுக்கு வந்து இறங்கினார்கள். பழம் தப்பித்தது, வியாபாரி ஒரு கொத்தைக்கூடக் கழிக்கவில்லை, அறுப்பு முடிந்த கையோடு தூணையும் தள்ளி நட்டாயிற்று என்றார் பேச்சியம்மாள். இந்த வேலையில் இப்படி ஒரு நாள் வருமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, இருவருக்கும் டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் சுருளிச்சாமி பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் இருவர் கையெழுத்தும் இருந்தது. இவர்கள் விட்ட தண்ணீர் தன் மக்காச்சோளத்தில் பாய்கிறது என்று அடுத்த தோட்டத்துக்காரர் வடிகாலில் மண்ணை வெட்டிப் போட்டுவிட்டாராம். பேச்சியம்மாள் வருத்தத்தோடு சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்கோம் மேடம். அந்தக் கீழத்தோட்டத்துக்காரருதான் அக்கம்பக்கம் அனுசரிச்சுப் போகத் தெரியாத ஆளு."

ஆகவே, இத்தனை வருஷத்தில் நான் எந்தத் தண்ணீர்ச் சண்டையையும் தீர்த்ததில்லை, ஒவ்வொரு தடவையும் அதைக் கீழே அடுத்த தோட்டத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.