‘ஊதா மூலை’யின் கதையைச் சொன்னவன் நான்

பெங்களூர் மர்பி டவுனில் நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பத்தடிக்கு எட்டடியில் ஒரு தகரக் கொட்டகை. பிறகு அதே இடத்தில் இரண்டு மாடி வீடு. அதன் செங்கல்லில் பாதி என் தலையில் ஏறி வந்தது. எங்கள் சந்தின் முதல் கலர் டிவி என்னுடையது. முதல் வீடியோ கேம் கடையும் என்னுடையதுதான். அதைப் பார்த்து மூன்று பேர் கடை திறந்தார்கள், மூன்று பேரும் மூடினார்கள், நான் பதினோரு வருடம் நடத்தினேன். படிப்பு நான்காம் வகுப்பு. கன்னடம் பஸ் போர்டைப் பார்த்துக் கற்றது, உருது கறிக்கடையில் நின்று கற்றது. இங்கிலீஷ் கற்கவே இல்லை. அது இல்லாமலேயே ஒரு மகளை இன்ஜினியர் ஆக்கினேன். பேரணாம்பட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தவன் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் இருக்கிறவர்களே சொல்லட்டும். இவ்வளவும் செய்தவனை, போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுச் சமையல் மேடையில் கிடந்த ஒரு போன் ‘யாரோ ஒரு கடைக்கார அங்கிள்’ என்று சொன்னது.

என் மகள் ரேவதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி வண்டியிலும் அவள் காதில் யாராவது பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். நம் ஊரில் ஆள் இல்லாமல் குரல் கேட்டால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடுவோம். இங்கே அதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர். அன்றைக்குப் பேசிய குரல் சதீஷுடையது. எங்கள் சந்துப் பையன்தான். எட்டு வயதில் என் கடை பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது வைட்ஃபீல்டில் பெரிய வேலை. வாரம் ஒரு முறை ‘ஊதா மூலை’ என்ற பெயரில் தமிழில் ஒரு பழைய கேமின் கதையைச் சொல்கிறான். ஏழு பாகம் வந்த கேம் அது. ‘அந்தக் கேமோட நிஜக் கதை இல்ல, மர்பி டவுன் பசங்க நாங்களா கட்டுன கதை’ என்று ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் சொல்லிவிடுகிறான். நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். நாங்களா கட்டுன கதையாம்.

‘ரேவதி, இது நான் சொன்ன கதைம்மா’ என்றேன்.

‘தெரியும்பா. அவங்க சொல்றது சூப்பரா இருக்கு, கேளுங்க’ என்றாள்.

அன்று முதல் ஒரு எபிசோட் விடாமல் கேட்டேன். கதையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். முடிவில் ‘கேட்டவர்கள் சொன்னது’ என்று ஒரு பகுதி வருமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. துபாயில் நர்ஸ் வேலை செய்கிற ஒரு பெண், டியூட்டி மாற்றும்போது கேட்பதாக எழுதியிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அந்தக் கேமின் பழைய கேசட் மூன்று வாங்கி ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருந்தார். ஓசூரிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண், கதையில் ஓர் இடம் வந்தபோது மேம்பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுததாக எழுதியிருந்தாள். அந்த மேம்பாலத்தில் வண்டியை ஓரம் கட்ட இடமே கிடையாது என்பது எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற யாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த அழுகை எனக்குச் சேர வேண்டிய அழுகை. ஒவ்வொரு கடிதத்துக்கும் சதீஷ், ‘ரொம்ப நன்றிங்க, மனசு நெறஞ்சிடுச்சு’ என்பான். நிறைந்தது அவன் மனசு, காலியானது என்னுடையது. ரேவதியிடம் சொல்லி ஒரு கருத்து எழுத வைத்தேன்: ‘இந்தக் கதையைச் சொன்ன கோதண்டம் எழுதுவது.’ பதிலுக்கு ஒரு சிவப்பு இதயமும், ‘நன்றி அய்யா, தொடர்ந்து கேளுங்கள்’ என்ற வரியும் வந்தன. கதையைச் சொன்னவனைப் பார்த்துத் தொடர்ந்து கேள் என்கிறார்கள்.

அந்தக் கதை எப்படி வந்தது என்று எழுதிவிடுகிறேன். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் அண்ணன் ஏழுமலையும் நானும் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தோம். மணிக்கணக்கு வாடகை. அந்தத் தொழிலில் சைக்கிள் முக்கியமில்லை, காத்திருக்கிறவன்தான் முக்கியம். வெளியே போன சைக்கிள் திரும்பும்வரை அவனைப் பேச்சுக் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். அந்த வித்தையைத்தான் கேம் கடைக்குக் கொண்டு வந்தேன். நான்கு டிவி, இருபது பையன்கள், ஒவ்வொருவனுக்கும் அரை மணி. மற்றவர்கள் பெஞ்சில். கேசட்டில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. இங்கிலீஷ் படித்த பையன்களுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வகுப்பு. திரையில் இரண்டு பேர் வாய் அசைப்பார்கள், கீழே கோடு கோடாக எழுத்து ஓடும். ‘இன்னா அண்ணே சொல்றான்?’ என்று பெஞ்சிலிருந்து கேட்பார்கள். நான் சொல்வேன். யோசித்துச் சொன்னதில்லை, பார்த்ததும் வாயில் வந்தது. இரண்டாம் பாகத்தில் வீரனின் முகம் வேறாக இருந்தது. ‘யாரு அண்ணே இவன்?’ ‘அவன் மகன்’ என்றேன். மூன்றாம் பாகத்தில் முகம் மறுபடியும் மாறியது. மருமகன் என்றேன். ஏழு பாகத்தையும் ஒரே குடும்பமாகக் கட்டியவன் நான். அரை மணி முடிந்து சுவிட்சை அணைக்கும்போது கதையைச் சரியான இடத்தில் அறுத்துவிட்டு, ‘மிச்சம் நாளைக்கு’ என்பேன். சதீஷ் இன்று எபிசோடை முடிக்கிற இடம் இருக்கிறதே, எல்லோரும் ‘எப்படி ஸார் இந்த இடத்துல நிறுத்துறீங்க’ என்று எழுதுகிறார்களே, அந்த வெட்டுக்கூட என் சுவிட்சிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கதையில் எல்லோருக்கும் பிடித்த ஆள் பெரியவன். கறுப்புக் கவசம் போட்டவன், வீரனின் அண்ணன். முதல் பாகத்தில் ஆற்றங்கரையில் வீரனைப் படகில் ஏற்றிவிட்டு, ‘நீ முன்னால போ, நான் பின்னாலயே வர்றேன்’ என்பான். வரமாட்டான். பிறகு ஒவ்வொரு பாகத்திலும் எதிரியாக வந்து நிற்பான். ஓசூர்ப் பெண் அழுதது அந்த வரிக்குத்தான். இப்போது அதைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்களாம். அது ஜப்பான்காரன் எழுதிய வரி இல்லை, சதீஷுடையதும் இல்லை. அண்ணனுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு கடையில் இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது, பெங்களூரில் போய்க் கடை போடலாம் என்று சொல்லி, என்னைக் காலை பஸ்ஸில் ஏற்றினான். டீ வாங்கிக் கொடுத்தான். ஜன்னலைத் தட்டி இதே வரியைச் சொன்னான். நான் இங்கே அல்சூரில் ஏரிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை நின்றேன். பேரணாம்பட்டில் யாரும் யாருக்காகவும் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டியதில்லை. வருகிறவன் வீடு தேடி வருவான். பெங்களூரில்தான் நிற்கக் கற்றுக்கொண்டேன். அண்ணன் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தான், ஒரு கல்யாணத்துக்கு. அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஊதா மூலை என்ற பெயருக்கும் காரணம் இருக்கிறது. முதல் டிவியில் இடப்பக்கக் கீழ் மூலையில் ஊதாவாக ஒரு கறை. பெரியவன் சரியாக அந்த மூலையில் வந்து நிற்பான், உடம்பெல்லாம் ஊதாவாகிவிடும். ஏன் என்று பையன்கள் கேட்டார்கள். தம்பியை ஏமாற்றிய பாவம் மேலே ஏறிவிட்டது என்றேன். வீரனே அந்தப் பக்கம் போனாலும் ஊதாவாவான். அந்த மூலையை மிதிக்கிறவன் மனசில் துரோகம் வந்து போகும் என்றேன். அதன் பிறகு எந்தப் பையனும் அந்த மூலையை மிதிக்கவில்லை, கேமில் எடுக்க வேண்டிய சாவியே அங்கே கிடந்தாலும் சுற்றித்தான் போவான். இன்றைக்குக் கேட்கிறவர்கள் அந்த ஊதாவைப் பற்றி வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள். உலகத்தில் வேறு எந்தக் கேசட்டிலும் அது இல்லையாம். மர்பி டவுனுக்கு வந்தது ஜப்பானிலேயே கிடைக்காத அபூர்வப் பதிப்பு என்று முடிவு கட்டியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் மூன்று கேசட் வாங்கியது அதைத் தேடித்தான்.

ஐம்பதாவது எபிசோடுக்கு வைட்ஃபீல்டில் ஒரு ஹாலில் கேட்கிறவர்கள் கூடினார்கள். மெட்ரோ ஏறிப் போனேன். வாசலில் செக்யூரிட்டி என் சட்டையைப் பார்த்துவிட்டு, ஏசி சர்வீஸா, பின்பக்கக் கதவு வழியாக வாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். கதை விஷயமாக வந்திருக்கிறேன் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். ‘கதே இல்லா அஜ்ஜா, இது கேம் ஃபங்ஷன்’ என்று தாத்தா முறை வைத்து மரியாதையாகச் சொன்னார். ரேவதி போனில் அனுப்பியிருந்த சீட்டைக் காட்டிய பிறகுதான் விட்டார். உள்ளே நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிப் பேர் அந்த வரி போட்ட பனியனில். என் அண்ணன் வாயிலிருந்து வந்த வரி, முன்பின் தெரியாத வயிறுகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மேடையில் சதீஷ், ‘பெரியவனோட அந்த டயலாக் எட்டு வயசுல எனக்கு எப்படித் தோணுச்சுன்னே தெரியல’ என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் எழுந்தேன். மைக்கைக் கொடுத்தார்கள். அண்ணன் பெயரைச் சொல்லத்தான் எழுந்தேன். வாய் திறந்ததும், பேரணாம்பட்டில் அண்ணனின் பேரனும் இதைக் கேட்கிறான் என்று ரேவதி சொன்னது நினைவுக்கு வந்தது. நூறு பேர் முன்னால் கூடப் பிறந்தவனை எப்படிக் காட்டிக் கொடுப்பது? கடை என்னுடையது என்பதற்கு வேறு சாட்சி தேடினேன். வாயில் வந்தது ஊதா.

‘அந்தக் கடை என்னுதுப்பா. ஊதா கேசட்டுல இல்ல. டிவி பக்கத்துல ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வெச்சிருந்தேன். அதோட காந்தம் படத்தைக் கெடுத்துடுச்சு. பெட்டிய நகத்தியும் கறை போகல.’

எழுந்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. சதீஷ் இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடித்தான். வரிசையாக வந்து என்னோடு போட்டோ எடுத்தார்கள். சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். மூன்று கேசட் வாங்கிய அந்தக் கோயம்புத்தூர்க்காரர், ‘அய்யா, இதச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

காபி மேஜையருகே சதீஷைப் பிடித்தேன். ‘கதையும் நான் சொன்னதுதான் சதீஷ்.’

‘ஆமா அங்கிள், நீங்களும் நடுவுல எதாவது எடுத்து வுடுவீங்க, செம ஜாலியா இருக்கும். ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறது, டைம் முடிஞ்சதும் பட்டுன்னு சுவிட்ச ஆஃப் பண்ணுவீங்க பாருங்க, அதான். காப்பி எடுத்துக்கினீங்களா?’

நீங்களும் என்றான். பதினோரு வருடம் நான் பேசியது அந்த ஒரு ‘உம்’முக்குள் அடங்கிப்போனது. அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எட்டு வயதில் காதில் விழுந்ததை, தன் மண்டையில் பிறந்தது என்று நம்பிவிட்டான். ஆனால் தன்னுடையது என்று நம்பி எடுத்துக்கொண்டு போனாலும் போனது போனதுதான். அடுத்த எபிசோடில் வந்த கடிதமெல்லாம் காந்தத்தைப் பற்றி. எனக்கு ‘ஸ்பீக்கர் தாத்தா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னுடைய சொந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

அந்த வாரமே அண்ணன் போன் செய்தான்.

‘டேய் கோதண்டம், உன் கடையப் பத்தி வந்துச்சாமே. பேரன் போட்டுக் காட்னான்.’

‘கேட்டியா?’

‘மொத்தமும் கேட்டுட்டேன். அந்தப் பெரியவன் இருக்கான் பாரு, பாவம்டா அவன். வரணும்னுதான் நெனச்சிருப்பான். பொண்டாட்டி, கடைன்னு இன்னா இன்னா கஷ்டமோ, யார் கண்டா.’

பிறகு அவனே, ‘அந்த டயலாக்கு சதீஷ்னு ஒரு பையன் எழுதனானாமே. நல்ல மூளைக்காரன்டா’ என்றான்.

‘ம்’ என்றேன். அந்த வரியைச் சொன்ன வாயே அதைச் சதீஷுக்குத் தானம் செய்கிறது. தெரியாமல் செய்தானா, தெரிந்தே அப்படி ஒளிந்துகொண்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துபாய் நர்ஸும் ஓசூர்ப் பெண்ணும் சதீஷைப் புகழ்ந்ததைப் பொறுத்துக்கொண்டேன். இது பொறுக்கவில்லை. அதனால்தான் ரேவதியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைத்தேன். அண்ணனும் படிப்பான். படிக்கட்டும். அவன்மேல் கோபத்தில் அந்தக் கதையைக் கட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருபது பேருக்குச் சொல்ல என்னிடம் வேறு கதை இல்லை.

சதீஷுக்குச் சொல்வது இதுதான். குரல் உன்னுடையது, அதில் நான் பங்கு கேட்கவில்லை. வரி என் அண்ணனுடையது. கதை என்னுடையது. இந்த மூன்றையும் பிரித்து அடுத்த எபிசோடில் சொல். முடிவில் சொல்லாதே, அதற்குள் பாதிப் பேர் அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள், தொடக்கத்திலேயே சொல். அங்கிள் வேண்டாம், தாத்தா வேண்டாம், கோதண்டம் என்று சொல். கேட்கிறவர்கள் எந்த ஊர்க்காரர் என்று எழுதிக் கேட்பார்கள். பேரணாம்பட்டு என்று மட்டும் சொன்னால் அங்கே என்னைத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தால் அதிகம். பெங்களூர் என்று மட்டும் சொன்னால் இங்கே இருக்கிறவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பேரணாம்பட்டு கோதண்டம், மர்பி டவுன் என்று முழுசாகச் சொல். ஒன்றை விட்டாலும் அது வேறு எந்தக் கோதண்டமோ, நான் இல்லை.